மூட்டு வலி என்று சொல்லச் சொன்னாய்

நீ போனை வைத்துவிட்டாய். நான் பேசி முடிக்கவில்லை. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. உன் அப்பாவின் போனிலிருந்து அழைத்தேன், அதையும் எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது, நடுவில் நீ கத்த முடியாது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பொறுக்காமல் "சீக்கிரம் சொல்லித் தொலையேம்மா" என்று அவசரப்படுத்தவும் முடியாது. படிக்காமல் அழித்துவிடலாம் என்று நினைக்காதே. நம் சொந்தக்காரர்கள் யார் யாருக்கெல்லாம் போன் போட்டு "அம்மா என் கல்யாணத்தைக் கெடுத்துட்டாங்க" என்று நீ புலம்பினாயோ, அத்தனை பேருக்கும் இதை அனுப்பப் போகிறேன். நீ ஒரு பக்கத்தைச் சொல்லிவிட்டாய். அவர்கள் இன்னொரு பக்கத்தையும் கேட்கட்டும்.

போனை வைப்பதற்கு முன்னால் நீ கடைசியாகச் சொன்னது இது: "உன் வியாதி மூளைக்கு ஏறிடுச்சு." முப்பது வயது மகன், சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவன், பெற்ற அம்மாவிடம் சொன்ன வார்த்தை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் வியாதி எங்கெங்கே ஏறியது, எப்படி ஏறியது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ பக்கத்திலேயே இருந்தாய், ஆனால் உனக்குத் தெரியாது.

எனக்கு இது எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விழுந்து அடிபட்ட மாதிரி ஒரே நாளில் வருகிற நோய் இல்லை இது. நீ பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நான் சின்னக்கடை வீதியில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்த்தேன். சேலையை விரித்துக் காட்டுவதிலும் மடித்து அடுக்குவதிலும் என் கைக்கு ஈடு அந்தக் கடையில் யாரும் கிடையாது. வாங்க வந்தவர்கள் ஒரு சேலையை வேண்டாமென்று தள்ளுவதற்குள் அடுத்த சேலையின் முந்தானை அவர்கள் மடியில் கிடக்கும். முதலில் மாறியது அந்தக் கைதான். காலையில் எழுந்தால் விரல்கள் மரத்துப் போயிருக்கும், உதறி உதறித்தான் உணர்ச்சி வரும். பிறகு மடித்துக்கொண்டிருக்கும்போதே மரத்தது. பிறகு கால் வீங்கியது, செருப்பின் வார் பதிந்து தடம் விழுந்தது. முகம் உப்பியது. தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. நீ குளிக்கப் போய்விட்டு, தண்ணீர் போகாமல் அடைத்துக்கொண்டதென்று, என் முடிச்சுருளை ஒரு குச்சியில் எடுத்து வந்து சமையலறை வாசலில் போட்டாய். "இத யாரு எடுக்கறது?" என்று கேட்டாய். நான் எடுத்தேன்.

சித்திரை வெயிலில் திருச்சியே கொதிக்கும். நீயும் உன் அப்பாவும் பனியனோடு தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்திருப்பீர்கள், நான் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் நண்பர்கள் வந்தபோது "எங்கம்மா ஊட்டியில இருக்காங்கடா" என்றாய். அவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்று வை, ஆனால் குளிர் நிஜம். எலும்புக்குள் யாரோ பனிக்கட்டி வைத்த மாதிரி இருக்கும். குரல் தடித்துப் போனது. போனில் பேசினால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்பார்கள். நாள் கணக்கில் மலம் இறங்காது, மாதவிலக்கு வந்தால் நிற்காது. எதிர்வீட்டு அம்மாவின் பெயர் வாய்க்கு வராமல் வாசலில் நின்றிருக்கிறேன். குழம்புக்கு உப்பு போட்டேனா என்று தெரியாமல் மறுபடி போட்டு, நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறாய்.

அப்புறம் தூக்கம். கடை விட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி உட்கார்ந்தால் காவிரிப் பாலம் வருவதற்குள் கண் செருகிவிடும். வீட்டுக்கு ராஜகோபுரம் ஸ்டாப்பில் இறங்க வேண்டியவள், பஸ் திரும்பி மறுபடியும் சத்திரத்திலேயே வந்து நிற்கும்போது விழித்திருக்கிறேன். "என்னம்மா, பஸ்லயே குடி வந்துட்டீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். வீட்டுக்கு வந்து, அரிசியைக் களைந்து வைத்துவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தால் அப்படியே போய்விடுவேன். அப்படி ஒரு சாயங்காலம் நாற்காலியில் வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த என்னை நீ போனில் படம் எடுத்தாய். அப்போது நீ கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாய். எடுத்ததோடு விடவில்லை, குடும்பக் குழுவில் போட்டாய். "எங்க வீட்டு மின்வெட்டு" என்று கீழே எழுதியிருந்தாய். என் தம்பி மனைவிகூடச் சிரித்து அனுப்பியிருந்தாள். நான் அதைப் பார்த்துவிட்டு அழவில்லை. அழவும் தெம்பு வேண்டும் என்பது எனக்கு அந்த வருடம்தான் தெரிந்தது. அழுகை, கோபம், ஆசை எதுவும் வரவில்லை. பாலத்தில் பஸ் நிற்கும்போது காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகும், பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள், எனக்கு அது சுவரைப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

கடையில் ஒரு நாள் அடுக்கி வைத்த சேலைகள் மேல் சாய்ந்து தூங்கிவிட்டேன். கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பம் எதிரே உட்கார்ந்திருந்தது. முதலாளி கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "உடம்பைப் பாத்துக்கங்கம்மா, கொஞ்ச நாள் வீட்டுல இருங்க" என்றார். கொஞ்ச நாள் என்றால் இனி வராதே என்று அர்த்தம், அது எனக்குப் புரியும். வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அப்பா, "உக்காந்து தூங்குறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?" என்றார். நீ போனிலிருந்து தலையைத் தூக்காமல், "இனிமே ஃபுல் டைம் தூங்கலாம்" என்றாய். இரண்டு பேரையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அவர் ஏன் வேறு என்று சொல்கிறேன்.

முதலில் பார்த்த டாக்டர் வயசு அப்படித்தான் என்று சத்து டானிக் எழுதினார். அடுத்தவர் மனசைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் மூன்றாவதாகப் போனது புத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம். உன் அப்பா வேண்டா வெறுப்பாக ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். அந்த அம்மா என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், என் புருவத்தின் ஓரத்தில் முடி இல்லாமல் போனதைப் பார்த்தார். என்னை நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று அசைந்தது, ஆனால் திரும்பிப் போகத்தான் நேரம் எடுத்தது. நிதானமாக, அலுத்துக்கொண்டு போவது மாதிரி பழைய இடத்துக்குப் போனது. "சார், இங்க வந்து பாருங்க" என்று உன் அப்பாவைக் கூப்பிட்டு மறுபடியும் தட்டினார். "உங்க மனைவி மெதுவா இல்லைங்க. உள்ள எல்லாமே மெதுவா ஓடுது. தைராய்டு சுரக்கலன்னா இப்படித்தான் ஆகும். இதயம், குடல், மூளை, தோல், எதுவும் தப்பாது." பிறகு என்னிடம் திரும்பி, "இவ்வளவு நாள் எப்படிம்மா நின்னுகிட்டு வேலை செஞ்சீங்க?" என்றார். அந்த ஒரு கேள்வியை அதற்கு முன்னால் என்னிடம் யாரும் கேட்டதில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், எண்ணைப் பார்த்துவிட்டு லேபிலிருந்தே போன் செய்து இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டார்கள். இரண்டாவதும் அதேதான்.

உன் அப்பா வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் நின்றார். "எனக்குத் தெரியாதுடி" என்றார். அவ்வளவுதான் பேசினார். ஆனால் மறுநாளிலிருந்து காலையில் எனக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைப்பது அவர்தான். அதைப் போட்டுக்கொண்டு நான் உடனே காபி குடிக்கக் கூடாது என்பதால், தன் காபியையும் அதுவரை தள்ளி வைத்துக்கொண்டார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் இரும்போடு இருந்த மனிதர், அன்பைக் காட்டத் தெரியாதவர். அவர் மாறினார். நீ அன்று சாயங்காலம் என்ன கேட்டாய், நினைவிருக்கிறதா? "மாத்திரை போட்டா இளைச்சிடுவியா?"

இளைக்கவில்லை. கொஞ்சம் இளைத்தேன், அவ்வளவுதான். மாத்திரை போட்டால் முழுசாகப் பழைய ஆள் ஆகிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாய், அது சரியில்லை என்று தெரிந்ததும் "இன்னுமா?" என்கிறாய். ஆமாம், இன்னும்தான். டோஸ் குறைந்தால் கால் கனக்கும், கூடினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். தோல் வறண்டு குதிகால் வெடிக்கும். சில நாள் எழுந்தவுடனேயே, நாள் முழுக்க உழைத்துவிட்டுப் படுக்கப் போகிறவள் மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட நாளிலும் மாடி ஏறித் துணி காயப் போடுகிறேன், சமைக்கிறேன், பக்கத்துக் குடியிருப்புப் பெண்களுக்குச் சேலைக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிறேன். பிறகு அறிவுரை சொல்ல வருகிறவர்கள். முட்டைக்கோஸ் சாப்பிடாதே, தனியாவை ஊற வைத்துக் குடி, மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சி செய். ஒவ்வொருவருக்கும் ஒரு வைத்தியம் தெரிந்திருக்கிறது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை நிற்கத்தான் யாருக்கும் தெரிவதில்லை. நான் இரக்கம் கேட்கவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக ஒரு நாள் தவறாமல் இந்த உடம்பை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உன் கம்பெனியில் இப்படி ஓட்டுகிறவனுக்கு நீ பரிசு கொடுப்பாய்.

இதெல்லாம் பழசு. மறந்திருப்பேன். சுகந்தி விஷயத்தில்தான் நீ யாரென்று எனக்குத் தெரிந்தது.

பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். நீயும் அவளும் பேசிப் பிடித்துப் போய், நாங்கள் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தோம். அந்தப் பெண் உன்னிடம் நேர்மையாக, கல்யாணத்துக்கு முன்னால் தெரிய வேண்டுமென்று, தனக்கு தைராய்டு இருப்பதையும் தினமும் மாத்திரை போடுவதையும் சொன்னாள். நீ வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, "இது வேணாம்ப்பா" என்றாய். குழந்தை பிறக்காது என்றாய். மாத்திரை ஒழுங்காகப் போட்டு டாக்டர் பார்வையில் இருந்தால் பிறக்கும், எத்தனையோ பேருக்குப் பிறந்திருக்கிறது என்று நான் சொன்னேன். அப்போது நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "பொறந்தாலும், அப்புறம் உன்ன மாதிரி ஆயிடுவாம்மா."

கோபத்தில் சொல்லவில்லை. ஏதோ எனக்கே தெரிந்த நியாயத்தை எனக்கு எடுத்துச் சொல்வது மாதிரி, பொறுமையாகச் சொன்னாய். உன் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். தகவலை நீ போய்ச் சொல்லவில்லை. தரகரை விட்டு ஜாதகம் சரியில்லை என்று சொல்லச் சொன்னாய்.

நான் பொன்மலைக்குப் போனது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள். ஒரு வீட்டுப் பெண்ணின் தலையில் பூ வைத்த கை என்னுடையது. தரகர் வாயால் அதை எடுக்க எனக்குச் சம்மதமில்லை. சுகந்தியின் அம்மா கதவைத் திறந்து, உட்காரச் சொல்லவும் முடியாமல் போகச் சொல்லவும் முடியாமல் நின்றார். "ஜாதகம்னு சொன்னாங்களே" என்றார். "ஜாதகம் இல்லீங்க. பொய். உங்க பொண்ணு உண்மையைச் சொன்னா, அவனால அதைத் தாங்க முடியல" என்றேன். உள்ளேயிருந்து சுகந்தி வந்தாள். அழுத முகம் இல்லை. தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள் போல, கையில் சிவப்புப் பேனா. "உக்காருங்க ஆண்ட்டி" என்றாள். நான் என் நோயைச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"உங்களுக்கும் இருக்கா? அவர் சொல்லவே இல்லையே."

"சொல்லியிருக்க மாட்டான்."

"மாத்திரை எவ்ளோ பவர் ஆண்ட்டி?"

"நூறு. உனக்கு?"

"அம்பது. காலேஜ் முதல் வருஷத்துல கண்டுபிடிச்சாங்க. காலைல எழுந்தா கால் கட்டை மாதிரி இருக்கும் ஆண்ட்டி, வீட்டுல எல்லாரும் சோம்பேறின்னு திட்டுவாங்க."

"விரல் மரத்துப் போகுமா?"

"அது இல்ல. எனக்கு முடிதான். அப்புறம் காரணமே இல்லாம மனசு கீழ இறங்கிடும்."

அவளுடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் இருவரும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் வெளியூரில் சந்தித்தது மாதிரி பேசிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் எனக்கு அன்று காபி கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. கிளம்பும்போது சுகந்தி பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். "அவன்கிட்ட ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டேன். யோசித்தாள். "இல்ல ஆண்ட்டி, அவருக்குச் சொல்ல எதுவும் இல்ல" என்றாள். பஸ் வந்தது, என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். இந்த வீட்டுக்கு வர வேண்டியவள் அவள். உன்னால் வரவில்லை. அவளுக்கு அது நல்லதுதான் என்று பெற்றவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாய்.

இனி, அடுத்துப் பார்த்த பெண் வீட்டார், கே.கே. நகர்க்காரர்கள். இந்த முறை நீ உஷாராக இருந்தாய். பெண்ணுக்கு முழு உடம்பு பரிசோதனை எடுத்து, அதில் தைராய்டும் சேர்த்து, ரிப்போர்ட் அனுப்பச் சொன்னாய். அவர்கள் மனசுக்குள் என்ன நினைத்தார்களோ, அனுப்பினார்கள். பெண்ணின் அப்பா அம்மாவும் தாய்மாமாவும் நம் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. நீ முதல் நாளே சென்னையிலிருந்து வந்தாய். வந்து என்ன செய்தாய்? சாப்பாட்டு மேஜையில் இருந்த என் மாத்திரை டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்தாய். என் கழுத்து வீக்கம் தெரியாதபடி அட்டிகை போட்டுக்கொள்ளச் சொன்னாய். "நீ அதிகம் பேசாதம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு. யாராவது கேட்டா மூட்டு வலின்னு சொல்லு" என்றாய். மூட்டு வலி மரியாதையான நோய் போலிருக்கிறது. டப்பாவை அலமாரியிலேயே விட்டுவைத்தேன். அட்டிகையும் போட்டுக்கொண்டேன். நான் திட்டம் போட்டு உன்னைக் கவிழ்த்தேன் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறாயே, அது பொய். அவர்கள் வந்து உட்காரும்வரை, நீ சொன்னபடி இருந்துவிட்டுப் போவோம் என்றுதான் இருந்தேன்.

பெண்ணின் அம்மா நல்ல மனுஷி. நான் கேசரித் தட்டைக் கொண்டு வந்து வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டதைப் பார்த்தார். "நீங்க உக்காருங்க, உங்களுக்கு உடம்பு முடியலையா? முகம் வீங்கின மாதிரி இருக்கே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பதில் சொன்னாய். "அம்மாவுக்கு மூட்டு வலிங்க ஆண்ட்டி. மத்தபடி எங்க ஃபேமிலில யாருக்கும் எந்தப் பிரச்சினையும் கிடையாது."

யாருக்கும் எந்தப் பிரச்சினையும் கிடையாது. நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருடம் மரத்த கையும், உதிர்ந்த முடியும், போன வேலையும், நீ படம் எடுத்துச் சிரித்த தூக்கமும், எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் துடைத்துவிட்டாய். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நம்பிவிட்டார். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நாளைக்கு அவளுக்குக் கால் கனத்தால், இந்த வீட்டில் அவளையும் அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"மூட்டு வலி இல்லீங்க" என்றேன். "எனக்குத் தைராய்டு. ரொம்ப வருஷமா இருக்கு, தினமும் மாத்திரை சாப்பிடறேன்."

"அம்மா" என்றாய் நீ.

"இது குடும்பத்துல வரக்கூடியதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. பொம்பளைங்களுக்கு அதிகம், ஆம்பளைங்களுக்கும் வரும். உங்க பொண்ணுக்கு ரிப்போர்ட் கேட்டான். இவன் இன்னும் ஒரு தடவைகூட எடுத்துப் பாக்கல. உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்."

தாய்மாமா கேசரி ஸ்பூனைத் தட்டில் வைத்தார். பெண்ணின் அப்பா உன்னைப் பார்த்து அமைதியாகக் கேட்டார். "தம்பி, நீங்க ஏன் எடுக்கல?" நீ என்ன பதில் சொன்னாய்? "எனக்கு எதுக்கு சார்? நான் ஜிம்முக்குப் போறேன்." உன் அப்பா அப்போது சொன்னார்: "அவ சொன்னது உண்மைங்க. அவன் சொன்னது பொய். மன்னிச்சிடுங்க." அவர்கள் மரியாதையாக எழுந்தார்கள், மரியாதையாகக் கிளம்பினார்கள். வாசலில் அந்த அம்மா மட்டும் என் தோளைத் தொட்டு, "உடம்பைப் பாத்துக்கங்க" என்றார். என் சேலைக்கடை முதலாளி சொன்ன அதே வார்த்தைகள், ஆனால் இவர் சொன்னதற்கு வேறு அர்த்தம் இருந்தது.

மறுநாள் பெண்ணின் அப்பா எங்களிடம் போனில் பேசினார். நீ எல்லோரிடமும், "தைராய்டுன்னு தெரிஞ்சதும் வேணாம்னுட்டாங்க" என்று சொல்லி வருகிறாய். அவர் சொன்னது அதுவல்ல. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், உன் அப்பாவும் கேட்டார். "நோய்க்காக இல்லீங்க. நோய் யாருக்கு வேணா வரும், எங்க வீட்டுலயும் சுகர் இருக்கு. பெத்த அம்மாவையே மறைக்கிறவரு, நாளைக்கு எங்க பொண்ணை என்ன செய்வாரு?" இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் அவருக்கு எழுது.

நான் வருத்தப்படுகிறேனா? கேட்பாய். இல்லை. திரும்ப அதே நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதையேதான் சொல்வேன், இந்த முறை அட்டிகையும் போட மாட்டேன். நீ ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய். அவளுக்கு இது இல்லாவிட்டால் வேறொன்று வரும், பிரசவத்தில் வரும், நாற்பதில் வரும், இல்லை உனக்கே வரும். உடம்பு எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் மெதுவாகும். அப்போது பக்கத்தில் இருக்கிறவன் குச்சியில் முடியை எடுத்து வந்து வாசலில் போடுகிறவனா, காபியைத் தள்ளி வைத்துக்கொண்டு உட்காருகிறவனா என்பதுதான் கல்யாணம். நல்லவனாகப் பிறக்க வேண்டியதில்லை. உன் அப்பாவும் பிறக்கவில்லை. ஒரு ரப்பர் சுத்தியலால் என் காலில் தட்டியதைப் பார்த்து அவருக்கு வெட்கம் வந்தது, அது போதுமாக இருந்தது. உனக்கு வெட்கம் வருவதற்கு எதைக் கொண்டு எங்கே தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொள். வெறுப்பில் சொல்லவில்லை, நீ சாயங்காலமானால் அசந்து போவதாகவும் முடி கொட்டுவதாகவும் போன மாதம் நீயே சொன்னாய். வேலை அதிகம் என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், கடை வேலை அதிகம் என்று. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். பார்த்துத் தெரிந்துகொள்வதில் உன் ஆண்மை குறைந்துவிடாது.

இன்று காலை தரகர் போன் செய்தார். உறையூரில் ஒரு வரன் இருக்கிறதாம், உன் விவரத்தைப் புதிதாக எழுதி அனுப்ப வேண்டுமாம். படிப்பு, சம்பளம், உயரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். "வேற ஏதாவது சேக்கணுமாம்மா?" என்றார்.

"பையனோட அம்மாவுக்குத் தைராய்டு உண்டுன்னு எழுதிக்குங்க."

"அய்யய்யோ, அதெல்லாம் எழுதினா யாருங்கம்மா வருவாங்க?"

"வர்றவங்க வரட்டும்ங்க. அதுக்குக் கீழ இன்னொரு வரி போடுங்க. பையன் டெஸ்ட் எடுக்கல."

அவர் முனகிக்கொண்டே எழுதினார். படித்துக் காட்டச் சொன்னேன், படித்தார், சரியாக இருந்தது. நீ பரிசோதனை எடுத்துவிட்டால் எனக்குச் சொல், இரண்டாவது வரியை மாற்றச் சொல்கிறேன். முதல் வரி அப்படியே இருக்கும்.

உன்னைப் பெற்றவள்